பாட்டும் மந்திரமும்: 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தின் சொல்வரலாறு

ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' ஒரு வழக்கோடு தொடங்குகிறது. ஏதன்ஸ் நகரத்துப் பெருங்குடியினரான ஈஜியஸ், தம் மகள் ஹெர்மியாவை அழைத்துக்கொண்டு கோமகன் தீசியஸின் முன் வந்து நிற்கிறார். தாம் தெரிந்தெடுத்த டிமெட்ரியஸை மணக்க மகள் மறுக்கிறாள், லைசாண்டரையே விரும்புகிறாள். தந்தையின் சொல்லை மீறிய மகளுக்கு ஏதன்ஸின் பழஞ்சட்டம் மரணம் விதிக்கிறது. அதற்கு மாற்றாக ஆயுள் முழுதும் கன்னிமாடத்தில் அடைபட்டிருக்கும் வாழ்வையும் கோமகன் எடுத்துரைக்கிறான். நகை நாடகத்தின் தலைவாயிலிலேயே ஒரு பெண்ணின் உயிர் வழக்கில் வைக்கப்படுகிறது.

ஈஜியஸ் லைசாண்டர்மீது சாட்டும் குற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவன் தம் மகளை வசியம் செய்துவிட்டான் என்பதே அது. அதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் முதன்மையானது செய்யுள். அவன் அவளுக்குக் கவிதை எழுதிக் கொடுத்தான். நிலவொளியில் அவள் பலகணியின் கீழ் நின்று பாடினான். மோதிரமும் தின்பண்டமும் முடியாற் செய்த கைவளையும் தந்தான். இவ்வாறு அவளுடைய மனக்காட்சியில் தன் உருவைக் களவாகப் பதித்துவிட்டான். பாட்டு மந்திரமாகிவிட்டது என்பதே தந்தையின் முறையீடு.

இக்குற்றச்சாட்டுக்கு நாடகம் என்ன விடை தருகிறது? வழக்கு நான்காம் அங்கத்தில் தள்ளுபடியாகிறது. ஆயினும் குற்றச்சாட்டு பொய்யென்று யாரும் மெய்ப்பிப்பதில்லை. காதலுக்கும் கனவுக்கும் மாயத்துக்கும் இந்நாடகம் ஆளும் சொற்களின் வரலாற்றைத் துருவிச் சென்றால், ஈஜியஸ் தாம் அறியாமலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்பது புலனாகும். அச்சொற்களிற் பல பாட்டிலிருந்தும் பேச்சிலிருந்தும் பிறந்தவை.

சட்டத்தின் நிழல்

இந்நாடகம் 1595 அல்லது 1596ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொண்ட முடிபு. 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் இலண்டன் நாடக அரங்குகள் பெரும்பகுதி மூடிக்கிடந்தன. அவை மீண்டும் திறந்தபின் பிறந்த படைப்புகளுள் இதுவும் ஒன்று. 1598இல் பிரான்சிஸ் மியர்ஸ் தம் நூலில் இதன் பெயரைக் குறிப்பிடுகிறார். 1600 அக்டோபர் 8ஆம் நாள் இது அச்சுரிமைப் பதிவேட்டில் ஏறி, தாமஸ் ஃபிஷரின் வெளியீடாக அவ்வாண்டே அச்சாயிற்று.

அக்காலத்து மக்களுக்கு வசியம் என்பது வெறும் அணிநயமன்று. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் 1563ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சூனியத் தடைச் சட்டம், முறையற்ற காதலைத் தூண்டும் நோக்கத்தோடு மந்திரம் செய்வதையும் தனிக் குற்றமாக வகுத்தது. முதன்முறை அக்குற்றம் செய்தோர்க்கு ஓராண்டுச் சிறையும், காலாண்டுக்கு ஒருமுறை பொதுவிடத்தில் மரச்சட்டத்திற் பூட்டி நிறுத்தப்படும் இழிவும் தண்டனையாயின. மறுமுறை செய்தால் ஆயுட்சிறை. முதலாம் ஜேம்ஸின் காலத்தில் 1604ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டாம் தண்டனையை மரணமாக உயர்த்தியது. 1736ஆம் ஆண்டில்தான் இச்சட்டங்கள் நீக்கம்பெற்றன. எனவே ஈஜியஸ் வாயிலாக 'வசியம்' என்னும் சொல் ஒலித்தபோது, கேட்டோர் உள்ளத்தில் நகைப்போடு ஓர் அச்சமும் கலந்திருக்கும்.

இதே குற்றச்சாட்டைச் சில ஆண்டுகளுக்குப் பின் 'ஒதெல்லோ' நாடகத்தில் மற்றொரு தந்தை வெனிஸ் நகர அவையில் எழுப்புகிறார். தான் கையாண்ட சூனியம் தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னது ஒன்றே என்று ஒதெல்லோ விடையிறுக்கிறான். அங்கே கதை மந்திரமாகிறது. இங்கே பாட்டு மந்திரமாகிறது. இரண்டு தந்தையரும் ஒரே பொருளைக் கண்டே அஞ்சுகின்றனர். மகளின் செவி வழியாக மற்றொருவனின் சொல் புகுந்துவிட்டது என்பதே அவர்களின் துயரம்.

மாயச் சொற்களின் பிறப்பு

நாடகத்தில் மாயத்தைக் குறிக்க வரும் சொற்களுள் மூன்று தலைமையானவை. 'சார்ம்' என்பது பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல். அதன் மூலமாகிய 'கார்மென்' என்பதற்குப் பாட்டு, செய்யுள், மந்திரம் என்னும் மூன்று பொருளும் உண்டு. 'என்சான்ட்' என்பதன் வேரில் 'கான்டாரே', அதாவது பாடுதல் என்னும் வினை இருக்கிறது. ஒருவர்மேற் பாடி அவரைக் கட்டுவதே அதன் முதற்பொருள். 'ஸ்பெல்' என்பது பழைய ஆங்கிலத்தில் உரை, கதை, செய்தி என்பவற்றைக் குறித்தது. கிறித்தவர் நற்செய்தியைச் சுட்டும் 'காஸ்பெல்' என்பதில் அப்பழம்பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் 'ஸ்பெல்' மந்திரத்தைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஷேக்ஸ்பியரின் பேனாவுக்கு அது ஏறக்குறையப் புதுப்பொருள்.

இவ்வேர்களை ஷேக்ஸ்பியர் அகராதி நோக்கி ஆராய்ந்தார் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் அவருடைய செவி அவற்றை அறிந்திருந்தது என்பதற்கு நாடகத்தின் யாப்பே சான்று. கோமகனும் அவையோரும் எதுகையற்ற நெடிய அடிகளிற் பேசுகின்றனர். நெசவாளர், தச்சர் முதலிய தொழிலாளர் உரைநடையிற் பேசுகின்றனர். ஓபரானும் அவனுடைய ஏவலன் பக்கும் உறங்குவோர் கண்ணில் பூஞ்சாற்றைப் பிழியும்போது மட்டும் அடிகள் குறுகி, இயைபு நெருங்கி, தாளம் மாறிவிடுகிறது. பொருளை விளங்கிக்கொள்ளுமுன் செவி அது மந்திரம் என்று அறிந்துகொள்கிறது.

காதலர் பேச்சிலும் இம்மாற்றம் உண்டு. தந்தை அகன்றபின், ஹெர்மியா லைசாண்டருக்கு வாக்களிக்கும் இடத்திலேயே இயைபுத்தொடை தோன்றிவிடுகிறது. காட்டில் மயக்கம் மிகும் காட்சிகளில் ஈரடி இயைபுகள் பெருகுகின்றன. விடியலில் வேட்டைக் கொம்பொலி கேட்டு அவர்கள் கண்விழித்துக் கோமகனுக்கு விடைகூறும்போது இயைபு நின்றுவிடுகிறது. செய்யுளால் மயக்கினான் என்ற தந்தையின் சொல்லை நாடகத்தின் ஓசை ஒவ்வொரு காட்சியிலும் வழிமொழிந்துகொண்டே செல்கிறது.

தேவதையரைக் குறிக்கும் 'ஃபேரி' என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஊழ்த்தெய்வங்களைச் சுட்டும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த அது, முதலில் மாயநிலத்தையும் மாயத்தையும் குறித்து, பின்னரே அங்கு வாழ்வோரைக் குறித்தது. 'பக்' என்பதன் பழைய வடிவம் இடைக்கால ஆங்கிலத்தில் சாத்தானுக்கே பெயராய் வழங்கியது. ஓபரானின் பெயர் 'போர்தோ நகரத்து ஹுவோன்' என்னும் பிரெஞ்சுக் காவியக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. டைட்டானியா என்பது ஓவிட் என்னும் உரோமக் கவிஞர் டயானா தேவிக்கு இட்ட அடைமொழி. 1567இல் வெளிவந்த கோல்டிங்கின் ஆங்கில ஓவிடில் இப்பெயர் இல்லை. ஆதலால் ஷேக்ஸ்பியர் இலத்தீன் மூலத்தையே நோக்கியிருத்தல் வேண்டும்.

அச்சம் தரும் பெயர்களை விளையாட்டுக்கு உரியவையாக்கிய காலமும் அதுவே. 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் எழுதிய நூல், முன்பு மக்களை நடுங்கவைத்த ராபின் குட்ஃபெலோவை இப்போது எவரும் அஞ்சுவதில்லை என்றும், சூனியக்காரியரைப் பற்றிய அச்சமும் அவ்வாறே ஒருநாள் ஒழியும் என்றும் வாதிட்டது. அந்த ராபின்தான் நாடகத்தின் பக். பொழுது விடியப்போவதைக் கண்டு, கல்லறைக்குத் திரும்பும் பேய்களைப் பற்றி அவன் நடுக்கத்தோடு பேசும்போது, தாங்கள் வேறு இனத்தைச் சேர்ந்த ஆவிகள் என்று ஓபரான் திருத்துகிறான். சூனியத்தின் பெயரால் மக்கள் தூக்கிலிடப்பட்ட நாட்டில், தண்டனைக்கு உரியதல்லாத மாயம் ஒன்று உண்டு என்னும் வாதம் அத்திருத்தத்தில் அடங்கியிருக்கிறது.

காதலைக் குறிக்கும் சொற்கள்

காதலுக்கு இந்நாடகம் பல பெயர்கள் தருகிறது. அவை ஒருபொருட் சொற்கள் அல்ல. 'லவ்' என்பது நம்புதலைக் குறிக்கும் 'பிலீவ்' என்னும் சொல்லோடு ஒரே வேரிற் கிளைத்தது. 'டோட்' என்பது அறிவிழத்தலைக் குறித்த சொல். முதுமையின் அறிவுத்தளர்ச்சிக்கும் அளவிறந்த காதலுக்கும் அது பொதுவாயிற்று. அன்பைச் சுட்டும் 'ஃபாண்ட்' என்னும் சொல்லும் அந்நாளில் மடமை என்னும் பொருளை இழந்துவிடவில்லை. தமிழில் 'மையல்' என்னும் சொல் காதல் மயக்கத்தையும் பித்தையும் யானையின் மதத்தையும் ஒருங்கே குறிப்பதை அறிந்தோர்க்கு இக்கூட்டு வியப்பளிக்காது.

நான்காவது சொல் 'ஃபேன்சி'. 'ஃபேன்டசி' என்பதன் குறுக்கமாகிய இது, தோன்றச் செய்தல் என்னும் கிரேக்க வினையின் வழிவந்தது. கண்முன் இல்லாததை மனத்திற் காட்டும் ஆற்றலையும் காதலையும் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் இந்த ஒரே சொல்லாற் குறித்தது. லைசாண்டர் கவர்ந்ததாக ஈஜியஸ் முறையிடுவது மகளின் 'ஃபேன்டசி'யையே. காதல் கண்ணாற் காண்பதன்று, மனத்தாற் காண்பது என்று முதற்காட்சியின் இறுதியில் ஹெலனா கூறுகிறாள். பின்வரும் காட்சிகளில் மாயச்சாறு கண்ணில்தான் பிழியப்படுகிறது. மனம் கண்ணை ஆட்டுவிக்கிறதா, கண் மனத்தை ஆட்டுவிக்கிறதா என்னும் வினா நாடகம் முடியும்வரை தீர்வதில்லை.

அந்தச் சாற்றைத் தரும் பூ, ஆங்கில நாட்டுப்புறத்தில் எளிதாகக் கிடைக்கும் காட்டுப் பான்சி. மக்கள் அதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்றையே ஷேக்ஸ்பியர் தெரிந்தெடுத்தார். 'சோம்பற்காலக் காதல்' என்று அதனைத் தமிழாக்கலாம். சோம்பலைக் குறிக்கும் அச்சொல்லின் பழம்பொருள் வெறுமை. பான்சி என்னும் பெயரோ எண்ணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மன்மதனின் அம்பு ஒரு கன்னியரசியைத் தப்பி வெண்மையான இப்பூவின்மேல் வீழ, காதலின் காயத்தால் அது ஊதாவாயிற்று என்று ஓபரான் கூறுகிறான். அக்கன்னி எலிசபெத் அரசியே எனப் பலரும் கொள்வர்.

வெண்மை நிறம் மாறும் கதை ஓவிடிடம் வேறொரு மரத்துக்கு உரியது. பிரமஸ், திஸ்பி என்னும் காதலர் இறந்தபோது பிரமஸின் குருதி பட்டு வெண்ணிற முசுக்கட்டைக் கனி கருஞ்சிவப்பானது என்பது அவர் சொன்ன கதை. ஐந்தாம் அங்கத்தில் தொழிலாளர் நடிப்பது அக்கதையைத்தான். ஆனால் கனி நிறம் மாறிய செய்தி அவர்களுடைய நாடகத்தில் இல்லை. துன்பக் கதையின் அக்கறையை ஷேக்ஸ்பியர் எடுத்து இன்பக் கதையின் பூவுக்கு ஏற்றிவிட்டார் எனலாம். காதலைத் தூண்டும் மருந்தின் நிறத்தில் காதலர் இருவரின் சாவு மறைந்திருக்கிறது.

மாற்றுமருந்தாக வருவது டயானாவின் அரும்பு. அது கற்புக்குப் பெயர்பெற்ற ஆக்னஸ் காஸ்டஸ் என்னும் செடியாகலாம் என்பர் சிலர். நம் நாட்டு நொச்சியின் இனத்தைச் சேர்ந்தது அது. லைசாண்டரின் கண்ணிலும் டைட்டானியாவின் கண்ணிலும் இந்த மாற்றுமருந்து இடப்படுகிறது. டிமெட்ரியஸுக்கு இடப்படவில்லை. ஹெர்மியாமீது கொண்ட ஆசை நோய் என்றும், ஹெலனாவிடம் திரும்பியது உடல்நலம் மீண்டது போன்றது என்றும் அவன் கோமகனிடம் கூறும்போது, பூஞ்சாறு அவன் கண்ணில்தான் இருக்கிறது. மந்திரத்தின் துணையோடு அவன் தன் முதற்காதலுக்குத் திரும்பியிருக்கிறான். அவனுடைய காதல் மெய்யா, மயக்கமா என்று நாடகம் தீர்ப்புரைப்பதில்லை. மும்மணங்களுள் ஒன்று மந்திரத்தின்மேல் நிற்கிறது.

காடும் பித்தும்

காதலர் தப்பியோடும் காட்டைக் குறிக்கும் 'வுட்' என்னும் சொல்லை டிமெட்ரியஸ் இரட்டுற மொழிகிறான். அந்நாளைய ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய மற்றொரு சொல் பித்துப்பிடித்தவனைக் குறித்தது. இன்று வழக்கொழிந்த அச்சொல்லின் உறவுமுறை குறிப்பிடத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் பாட்டைச் சுட்டிய ஒரு சொல்லும், தீர்க்கதரிசியையும் கவிஞனையும் குறிக்கும் 'வாட்டெஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் அதற்கு உடன்பிறப்புகள். பித்தும் பாட்டும் மிகத் தொன்மையான ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு.

நிலவும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. பித்தனைக் குறிக்கும் 'லூனாட்டிக்' என்பது நிலவைச் சுட்டும் 'லூனா'விலிருந்து வந்தது. நாடகத்தின் தலைப்பிலுள்ள நடுவேனிலும் ஆங்கில மரபில் பித்துக்குரிய பருவம். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் நடுவேனிற் பித்து என்னும் மரபுத்தொடரே வருகிறது. தமிழ் வாசகருக்கு நடுவேனில் என்றால் வெயிலின் கொடுமை நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அது ஜூன் 24ஆம் நாள் புனித யோவான் திருநாளையொட்டிய, ஆண்டின் மிகக் குறுகிய இரவுகளுள் ஒன்று. கதை நிகழ்வதோ மே மாதத் திருநாளை ஒட்டி. காட்டில் துயில்வோரைக் கண்ட தீசியஸ், அவர்கள் அச்சடங்குக்காக வைகறையில் எழுந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறான். எனவே தலைப்பு கதை நிகழும் நாளைச் சுட்டவில்லை. அதன் மனநிலையையே சுட்டுகிறது.

இந்தியா என்னும் பெயரும் இம்மயக்கச் சொற்களோடு வைத்து எண்ணத்தக்கது. ஓபரானும் டைட்டானியாவும் பிணங்கியதற்குக் காரணம் ஓர் இந்தியச் சிறுவன். அவனுடைய தாய் டைட்டானியாவின் அடியவள். இந்தியக் கடற்கரையின் நறுமணக் காற்றில் இருவரும் அமர்ந்து வணிகக் கலங்களை நோக்கி மகிழ்ந்திருந்தனர். பின்னர் அவள் மகப்பேற்றில் இறந்தாள். அச்சிறுவன் மேடையில் தோன்றவேண்டும் என்று மூலம் கூறவில்லை. நாடகம் அச்சுரிமை பெற்ற அதே 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசுரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. இந்தியா அவ்வரங்கினருக்கு அன்று மணமும் பெயருமாக மட்டுமே இருந்தது.

கனவும் காட்சியும்

கனவைக் குறிக்கும் 'டிரீம்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சியையும் இசையையும் குறித்தது. உறக்கத்திற் காணும் காட்சிக்கு அன்று வேறு சொல் வழங்கியது. இடைக்காலத்தில் 'டிரீம்' இன்றைய பொருளைப் பெற்றது. பழைய சொல்லே பொருள் மாறிற்றா, வடபுல மொழியின் தாக்கத்தால் வேறொன்று வந்து அதனிடத்தைப் பிடித்ததா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். எவ்வாறாயினும், கனவின் பெயரிலும் ஒரு காலத்தில் இசை ஒலித்தது.

இந்நாடகத்தில் கனவு என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் கனவுகள் அல்ல, விழித்திருக்கையில் நிகழ்ந்தவை. மெய்யாகவே உறக்கத்தில் ஒருவர் கண்டதாக வருவது ஹெர்மியாவின் கனவு ஒன்றே. ஒரு பாம்பு தன் நெஞ்சைத் தின்பதாகவும் லைசாண்டர் அதைக் கண்டு நகைத்து அமர்ந்திருப்பதாகவும் கண்டு அவள் அலறி எழுகிறாள். பக்கத்தில் லைசாண்டர் இல்லை. அவளைக் கைவிட்டு ஹெலனாவைத் தேடிப் போய்விட்டான். நாடகத்தின் ஒரே கனவு மெய் சொல்லிற்று. அவளைச் சூழ்ந்த விழிப்பு பொய்யாயிருந்தது.

கனவுக்கும் 'விஷன்' எனப்படும் தெய்வக் காட்சிக்கும் இடைக்கால அறிஞர் வேறுபாடு கண்டிருந்தனர். ஏறத்தாழக் கி.பி. 400இல் மாக்ரோபியஸ் என்பார் கனவை 5 வகையாகப் பிரித்து, அவற்றுள் மூன்றே மெய்ப்பொருள் உணர்த்துவன என்றார். காட்சி அம்மூன்றுள் ஒன்று. கழுதைத்தலை நீங்கிக் கண்விழிக்கும் நெசவாளன் பாட்டம் முதலில் ஆளும் சொல் 'காட்சி' என்பதே. கனவு என்பது அதன் பின்னரே வருகிறது. கல்வியறிவற்றவன் உயர்ந்த சொல்லையே எடுக்கிறான். தான் கண்டதைச் சொல்ல முயன்று, கண் கேட்டதென்றும் செவி கண்டதென்றும் புலன்களை மாற்றிப் பேசுகிறான். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் மடலின் இரண்டாம் அதிகாரத்தை அவன் இவ்வாறு குழப்பி ஒப்பிக்கிறான் என்பதை அக்காலத்து அவையோர் உடனே அறிந்திருப்பர். அந்த அதிகாரத்தின் அடுத்த வசனத்தைத் தின்டேல் மொழிபெயர்த்தபோது, தேவனுடைய ஆழ்ந்த மறைபொருளைக் குறிக்க ஆண்ட சொல் 'பாட்டம்', அதாவது அடியாழம். நெசவாளரின் வழக்கில் நூல் சுற்றும் உள்ளுருளைக்கும் அதுவே பெயர். ஏளனத்துக்குரியவனின் பெயரில் தொழிலும் மறைபொருளும் ஒருங்கே இருக்கின்றன.

பின்பு அவன் எடுக்கும் முடிவு இந்த ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. தான் கண்டதைப் பாட்டாக எழுதித் தருமாறு தச்சன் குவின்ஸைக் கேட்கப்போவதாகவும், அதைக் கோமகன் முன்னிலையிற் பாடப்போவதாகவும் கூறுகிறான். தேவதை அரசியின் காதலைப் பெற்ற ஒரே மனிதன் அதைச் சொல்ல உரைநடை போதாது என்று உணர்ந்துவிட்டான். அப்பாட்டு மேடையில் பாடப்படுவதே இல்லை.

பாட்டத்தின் தலை மாறியதைக் கண்ட குவின்ஸ் ஆளும் சொல்லும் கவிஞர்க்கு உரியது. அவன் 'டிரான்ஸ்லேட்' ஆகிவிட்டான் என்கிறான் குவின்ஸ். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லுதலே அதன் வேர்ப்பொருள். மொழிபெயர்த்தல், உருமாற்றுதல் இரண்டுக்கும் அது அன்று பொதுச்சொல். ஹெர்மியாவாக மாறிவிட ஏங்கும் ஹெலனாவும் முதல் அங்கத்தில் இதே சொல்லை ஆள்கிறாள். காதல் ஒருவரை மற்றொருவராகப் பெயர்க்கிறது என்னும் கருத்து இச்சொல்லில் முன்னரே அமைந்துவிட்டது.

கோமகனும் கோமகளும்

ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில், காதலர் கூறிய இரவுக் கதையை நம்ப முடியாது என்று தீசியஸ் தள்ளுகிறான். பித்தன், காதலன், கவிஞன் ஆகிய மூவரும் கற்பனையால் ஆனவர்கள் என்பது அவன் கருத்து. கற்பனை இல்லாததைப் பற்றிக்கொள்ளும், அறிவோ உள்ளதை மட்டும் அடக்கியறியும் என்று அவன் இரண்டு வினைகளால் அவற்றைப் பிரிக்கிறான். பழங்கதைகளை நம்பாத இக்கோமகன் தானே ஒரு பழங்கதையின் தலைவன் என்பது நகைப்புக்குரியது.

1600ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த உரையின் அடிகள் சில இடங்களில் முறைபிறழ்ந்து அச்சாகியுள்ளன. 1924இல் ஜான் டோவர் வில்சன் தம் பதிப்பில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பிறழ்ந்த அடிகளை நீக்கினால் எஞ்சுவது செம்மையாக நிற்கிறது. அதில் பித்தனும் காதலனும் மட்டுமே இருக்கின்றனர். கவிஞனைப் பற்றிய அடிகள் பின்னர்க் கையெழுத்துப்படியின் ஓரத்தில் எழுதப்பட்டு, அச்சுக்கோத்தவரால் அடிபிரித்தறிய இயலாமற் போயின என்பது அவர் கருத்து. பின்வந்த பதிப்பாசிரியர் பலர் இதனை ஏற்றனர். இது மெய்யாயின், ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தை மீண்டும் படித்தபோது குற்றவாளிக் கூண்டில் மூன்றாமவனாகத் தம்மையும் ஏற்றிக்கொண்டார் என்றாகும். ஈஜியஸ் தொடுத்த வழக்கில் செய்யுளே சான்றாயிருந்தது. இறுதியில் கவிஞன் தன் பெயரோடு அவ்வழக்கில் வந்து நிற்கிறான்.

ஹிப்பொலிட்டாவின் விடை சுருக்கமானது. ஒருவர் கதையாயின் மயக்கம் எனலாம். அனைவர் மனமும் ஒருங்கே மாறியிருப்பதால் அக்கதை வெறும் கற்பனையினும் மேலான ஒன்றாகி உறுதி பெறுகிறது என்கிறாள். அவள் ஆளும் 'கான்ஸ்டன்சி' என்னும் சொல் முரண்படாமையையும் காதலில் மாறாமையையும் ஒருங்கே குறிப்பது. தீசியஸ் மறுமொழி சொல்வதற்குள் காதலர் வந்துவிடுகின்றனர்.

பின்வந்த நூற்றாண்டுகள்

தீசியஸின் பக்கமும் ஹிப்பொலிட்டாவின் பக்கமும் மாறிமாறி நின்றதே இந்நாடகத்தின் பிற்கால வரலாறு. 1642இல் அரங்குகள் மூடப்பட்ட பின், பாட்டத்தின் நகைக்காட்சிகள் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு 1661இல் அச்சாயின. 1662 செப்டம்பரில் இதைக் கண்ட சாமுவேல் பெப்பீஸ், இதனினும் சுவையற்ற நாடகத்தைத் தாம் கண்டதில்லை என்னும் கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1692இல் பர்செல் இசையமைத்த 'தேவதை அரசி' இந்நாடகத்தைத் தழுவியது; ஆனால் அவர் இசையமைத்த பாடல்களுள் ஷேக்ஸ்பியரின் சொற்கள் இல்லை. 1816இல் காவென்ட் கார்டன் அரங்கில் நிகழ்ந்த ஆடம்பரக் காட்சியைக் கண்டு மனம் நொந்த ஹாஸ்லிட், கவிதையும் மேடையும் ஒத்துப்போகா என்று முடிவுகட்டினார்.

சொல்லின் மாயத்தை மீட்டோர் முதலில் மொழிபெயர்ப்பாளரே. வீலாண்ட் 1762இலும் ஆ. வி. ஷ்லேகல் 1797இலும் இதனை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்றனர். ஷ்லேகலின் மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த மெண்டல்சோன் 1826இல், தம் 17ஆம் வயதில், இதற்கு முன்னிசை எழுதினார். 'டிரான்ஸ்லேட்' என்னும் சொல்லை விளையாட்டாக ஆண்ட நாடகம் இவ்வாறு மொழிபெயர்ப்பினால் மறுவாழ்வு பெற்றது. 1970இல் பீட்டர் புரூக் காட்டையும் நிலவையும் ஓவியமாகக் காட்டாமல் ஒரு வெண்ணிறப் பெட்டிக்குள் நாடகத்தை நிகழ்த்தி, சொல்லே காட்டை உண்டாக்கும் என்று மெய்ப்பித்தார். 2006இல் டிம் சப்பிள் இந்திய, இலங்கைக் கலைஞரைக் கொண்டு நிகழ்த்தியபோது ஆங்கிலத்தோடு தமிழ், சிங்களம், மலையாளம், இந்தி, வங்காளம், மராத்தி ஆகியனவும் அக்காட்டில் ஒலித்தன. டைட்டானியாவின் நினைவில் மணமாக மட்டும் இருந்த நாடு, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் தன் மொழிகளோடு மேடையேறிற்று.

நாடகத்தின் இறுதியுரையை நிகழ்த்துபவன் பக். நடிகரைத் தீசியஸ் நிழல்கள் என்றான். ஓபரானை நிழல்களின் அரசன் என்று பக் அழைத்திருந்தான். இறுதியிலும் 'ஷேடோ' என்னும் அதே சொல் ஆவிகளையும் நடிகரையும் ஒன்றாக்குகிறது. கண்டது பிடிக்கவில்லையேல் இடையில் உறங்கிக் கனவு கண்டதாகக் கொள்ளுமாறு அவன் அவையோரை வேண்டுகிறான். அவ்வேண்டுகோளும் மந்திரம் ஓதிய அதே குறுகிய இயைபடிகளில் அமைந்திருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்கும் நேரத்திலும் அவையோரின் செவியில் விழுவது மந்திரத்தின் தாளமே. ஹெர்மியாவின் உயிரை வழக்கில் வைத்த குற்றச்சாட்டு இவ்வாறு கைதட்டலில் முடிகிறது. ஈஜியஸ் தோற்றார், அவர் சொன்ன சொல் தோற்கவில்லை.